குந்தித் தின்னும் கார்: நிறுத்தி வைத்தால் பேட்டரி ஏன் இறங்குகிறது?

டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து நான்கு வாரம் ஊருக்குப் போகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை எப்போதும் ஒன்றுதான். "சாவியை மச்சான்கிட்ட கொடுத்துட்டுப் போ. வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்லு, பேட்டரி இறங்காது." மச்சானும் சொன்னபடியே செய்வார். திரும்பி வந்து சாவியைத் திருகினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும் வரும். அப்போது எல்லோரும் பேட்டரியைத்தான் குறை சொல்வார்கள். கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள மின்னியல் படித்திருக்க வேண்டாம். கூட்டல், பெருக்கல் போதும்.

நிறுத்திய கார் தூங்குவதில்லை

சம்பளம் நின்றுபோன ஒருவரின் வங்கிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். வருமானம் இல்லை. ஆனால் தண்ணீர், மின்சாரம், கைத்தொலைபேசி, காப்புறுதி என்று கைரோ (கட்டணங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஏற்பாடு) வழியாகப் பணம் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றும் சிறிய தொகைதான். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பது இதைத்தான். குறைந்தபட்ச இருப்புக்குக் கீழே இறங்கிவிட்டால் வங்கி அபராதமும் போடும்.

கார் பேட்டரியும் அப்படித்தான். ஓட்டும்போது வருமானம்: எஞ்சினோடு சேர்ந்து சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் பேட்டரியை நிரப்புகிறது. நிறுத்திப் பூட்டியதும் வருமானம் நின்றுவிடும், செலவு நிற்காது. ரிமோட் சாவியின் சமிக்ஞைக்குக் காத்திருக்கும் ரிசீவர், திருட்டு எச்சரிக்கை மணி, கடிகாரம், காரின் கணினிகளின் நினைவகம் எல்லாம் துளித்துளியாக மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். இதை உறக்கநிலைச் செலவு என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்ச இருப்புக்கான அபராதமும் இங்கே உண்டு. அது கொஞ்சம் பின்னால் வருகிறது.

செலவு எவ்வளவு?

பேட்டரியின் கொள்ளளவை ஆம்பியர்-மணியில் சொல்வார்கள். 45 ஆம்பியர்-மணி என்றால், 1 ஆம்பியர் வீதம் எடுத்தால் ஏறக்குறைய 45 மணி நேரம் தாங்கும் என்று பொருள். சிறிய ஜப்பானியக் கார்களில் 35 முதல் 45 வரை இருக்கும். நிறுத்தத்தில் எஞ்சின் தானே அணைந்து எழும் ஐரோப்பியக் கார்களில் 70-க்கு மேலும் இருக்கும்.

கோளாறில்லாத காரின் உறக்கநிலைச் செலவு 20 முதல் 50 மில்லி ஆம்பியர். நடுவாக 30, அதாவது 0.03 ஆம்பியர் என்று வைப்போம். ஒரு நாளுக்கு 0.72 ஆம்பியர்-மணி. முப்பது நாளில் 21.6. அதாவது 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறக்குறைய பாதி, ஒரு விளக்குகூட எரியாமல் காலி.

2020-இல் எல்லோரையும் வீட்டில் இருக்கவைத்த கொவிட் முறியடிப்புத் திட்டம் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை 56 நாள் நீடித்தது. அதே வீதத்தில் பெருக்கினால் 40 ஆம்பியர்-மணி. அந்த எட்டு வாரமும் அசையாமல் நின்ற சிறிய கார் ஒன்று அதன் பிறகு ஸ்டார்ட் ஆகாமல் போனால் அதில் வியப்பில்லை. பேட்டரி புதிதா பழசா என்பதுகூட அங்கே இரண்டாம்பட்சம்.

இப்போது டேஷ்கேமுக்கு, அதாவது சாலையைப் படம் பிடிக்கக் காரில் பொருத்தும் கேமராவுக்கு வருவோம். இங்கே பாதிக் குழப்பம் அதனால்தான். கார் நிற்கும்போதும் படம் பிடிக்கும் 'பார்க்கிங் மோட்' போட்டிருந்தால், முன்னும் பின்னும் இரண்டு கேமரா சேர்ந்து சுமார் 300 மில்லி ஆம்பியர் எடுக்கும். ஒரு நாளுக்கு 7.2 ஆம்பியர்-மணி. மூன்று நாளில் 21.6. காரே ஒரு மாதத்தில் செய்யும் செலவை டேஷ்கேம் மூன்று நாளில் முடித்துவிடுகிறது.

"அதுல கட்-ஆஃப் இருக்கே, வோல்ட் இறங்கினா தானே அணைஞ்சிடுமே" என்பார்கள். உண்மைதான். ஆனால் பொருத்தியவர் அதை 11.8 அல்லது 12.0 வோல்ட்டில் விட்டிருந்தால், கேமரா அணையும்போது பேட்டரியில் கால்வாசியோ அதற்கும் குறைவோதான் மிச்சமிருக்கும். அதற்கு மேல் கார் தன் சொந்தச் செலவைத் தொடரும். கட்-ஆஃப் 12.4-இல் இருக்க வேண்டும், குறைந்தது 12.2. எத்தனை மணி நேரம் கழித்து அணைய வேண்டும் என்ற வசதியும் இருந்தால் அதையும் போட்டு வையுங்கள். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பார்க்கிங் மோடையே அணைத்துவிட்டுப் போங்கள். வாங்கும் எண்ணம் இருந்தால், டேஷ்கேமுக்கென்றே தனி பேட்டரிப் பெட்டி கிடைக்கிறது. கார் ஓடும்போது மட்டும் அது மின்னேறும், நிற்கும்போது காரின் பேட்டரியைத் தொடாது.

இன்னொரு சிறு ஒட்டுண்ணி, தரைவீட்டுக்காரர்களுக்கு. சாவியில்லாமல் கதவு திறக்கும் கார்களில், முன்வாசலில் நிற்கும் காருக்குச் சில அடி தள்ளிச் சுவரில் சாவி தொங்கினால், சில கார்கள் சாவியை உணர்ந்து அடிக்கடி விழித்துக்கொள்ளும். சாவியை உள்ளறைக்கு மாற்றினாலே போதும்.

பேட்டரிக்குள் நடப்பது

வழக்கமான கார் பேட்டரியில் ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகளும் நீர்த்த கந்தக அமிலமும். ஓர் அறைக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட், ஆறும் சேர்ந்து 12.6. மின்சாரம் எடுக்கும்போது அமிலத்திலுள்ள சல்ஃபேட் தகடுகளில் படிகிறது. மின்னேற்றும்போது அது மீண்டும் அமிலத்துக்குத் திரும்புகிறது.

படிந்த சல்ஃபேட் முதலில் நுண்ணிய, எளிதில் கரையும் துகளாக இருக்கும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் பெரிய படிகங்களாக இறுகும். அதன் பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் முழுவதும் கரையாது. இதற்குச் சல்ஃபேட் படிதல் என்று பெயர். தகட்டில் அது மூடிய பகுதி இனி வேலை செய்யாது. 45 ஆம்பியர்-மணி பேட்டரி 30 ஆம்பியர்-மணி பேட்டரியாகச் சுருங்கிவிடும். முன்னே சொன்ன அபராதம் இதுதான், திருப்பித் தரப்படாதது. அதனால் பேட்டரி அடியோடு காலியானால்தான் கெடும் என்று நினைக்க வேண்டாம். பாதி காலியாகவே ஒரு மாதம் கிடப்பதும் அதை அரிக்கிறது.

இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி பனி பெய்யும் நாட்டுக்காரர்கள் எழுதியவை. குளிர் பேட்டரியைக் கொல்லும் என்பார்கள். நம் ஊரில் கொல்வது வெப்பம். வேதிவினைகளின் வேகம் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியசுக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகும்; தகட்டின் அரிப்பு, நீரிழப்பு, எதுவும் இணைக்காதபோதும் தானாக இறங்கும் மின்னிறக்கம் மூன்றும் அதோடு கூடும். இங்கே பகலில் 31 முதல் 33 டிகிரி, ஓடி நின்ற காரின் பானெட்டுக்குள் அதைவிட மிகவும் கூடுதல். இதில் ஒரு சூழ்ச்சியும் உண்டு. சூடான எஞ்சினைச் சுழற்றக் குறைந்த மின்சாரமே போதும், ஆகையால் நலிந்த பேட்டரியும் இங்கே நல்லபிள்ளையாக நடந்துகொள்ளும். குளிர்காலம் வந்து காட்டிக்கொடுக்கும் வாய்ப்பே இல்லை. நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று திடீரென்று போய்விட்டது என்று தோன்றுவது அதனால்தான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: நிற்கும் கார் மின்சாரம் தின்கிறது, டேஷ்கேம் பத்து மடங்கு தின்கிறது, குறைந்த இருப்போடு கிடக்கும் பேட்டரி நிரந்தரமாகச் சுருங்குகிறது, வெப்பம் எல்லாவற்றையும் விரைவாக்குகிறது.

12 வோல்ட் காட்டினால் நல்லதா?

இல்லை. 12 வோல்ட் பேட்டரி 12.0 காட்டினால் அதில் கால்வாசிதான் இருக்கிறது. பெயரில் உள்ள 12 பலரை ஏமாற்றிவிடுகிறது.

மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் டவரில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் (மின்சாரத்தை அளக்கும் கருவி) போதும். 20 வோல்ட் நேர்மின்னோட்ட (DC) அளவுக்குத் திருப்பி, சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் வையுங்கள். ஓட்டி முடித்த உடனே அளக்காதீர்கள். மேலோட்டமான மின்னேற்றம் உண்மையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டும். குறைந்தது ஆறு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு நிற்கட்டும். பானெட்டைத் திறந்ததும் விழித்துக்கொள்ளும் கணினிகள் மீண்டும் அடங்கச் சில நிமிடம் கொடுத்துவிட்டு அளவிடுங்கள்.

12.6-ம் அதற்கு மேலும் என்றால் நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0 கால். 11.8-க்குக் கீழே காலி. ஏஜிஎம் வகை (அமிலத்தைக் கண்ணாடியிழை விரிப்பு உறிஞ்சி வைத்திருக்கும்) பேட்டரியில் நிறைவு 12.8-க்கு மேல் காட்டும். நிறைவுக்கும் காலிக்கும் இடையே ஒரு வோல்ட்கூட இல்லை, அதனால் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வோல்ட்மீட்டர் அவசரத்துக்கு உதவும், ஆனால் பல கார்களில் சாவியைத் திருப்பினால்தான் அது வேலை செய்யும். அப்போது காரே மின்சாரம் எடுப்பதால் எண் குறைவாகத் தெரியும்.

12.4 என்பதை உங்கள் குறைந்தபட்ச இருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால் மின்னேற்ற வேண்டும்.

பத்து நிமிட ஸ்டார்ட் ஏன் உதவாது?

ஸ்டார்ட் செய்வதே நிறைய மின்சாரத்தைத் தின்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் இழுத்தாலும் ஒரு நொடிதான் இழுக்கிறது, அது 0.06 ஆம்பியர்-மணி. பொருட்படுத்த வேண்டியதே இல்லை.

வரவுதான் சிக்கல். நின்றபடி ஓடும் எஞ்சினில் ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுழல்கிறது. அது தரும் மின்சாரத்தில் எரிபொருள் பம்ப், ரேடியேட்டர் விசிறி, ஏர்கான் விசிறி, விளக்குகள் எல்லாம் முதலில் பங்கு கேட்கும். மிச்சம் பேட்டரிக்கு 15 ஆம்பியர் போகிறது என்று தாராளமாகவே வைத்தாலும், பத்து நிமிடத்தில் 2.5 ஆம்பியர்-மணி. ஒரு வாரத்தில் கார் தின்றது 5. ஒவ்வொரு வாரமும் பாதி பற்றாக்குறை. மச்சான் ஏர்கானை முழு வேகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த 2.5-கூட மிஞ்சாது.

பேட்டரியும் கடைசிவரை ஒரே வேகத்தில் வாங்கிக்கொள்வதில்லை. ஏறக்குறைய 80 விழுக்காடு வரை விறுவிறுவென்று ஏறும். அதற்கு மேல் தானே ஏற்பைக் குறைத்துக்கொள்ளும். கடைசி 20 விழுக்காட்டுக்குப் பல மணி நேரம் ஆகும். எனவே ஓட்டம் எதுவும் பேட்டரியை முழுமையாக நிரப்புவது அரிது. புதிய கார்கள் சில, பிரேக் போடும்போது கிடைக்கும் மின்சாரத்துக்கு இடம்விட்டு, வேண்டுமென்றே 80 விழுக்காட்டிலேயே நிறுத்திவைக்கின்றன.

அதோடு, தேவையின்றி எஞ்சினை ஓடவிட்டு நிற்பது சிங்கப்பூரில் குற்றம்; தேசிய சுற்றுப்புற வாரியம் நடவடிக்கை எடுக்கும். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் புகை வெளியேறவும் நேரமாகும். எஞ்சின் முழுச் சூட்டை எட்டாமல் அணைத்தால் எரிதலில் உண்டான ஈரம் புகைக்குழாயிலும் எண்ணெயிலும் தங்கிவிடும். லாபத்தைவிட நட்டமே அதிகம்.

மச்சான் உண்மையிலேயே உதவ வேண்டுமானால் ஓட்டட்டும். தீவு விரைவுச்சாலை (PIE) சாங்கி விமான நிலையப் பக்கத்திலிருந்து துவாஸ் வரை 42.8 கிலோமீட்டர். நெரிசல் இல்லாத நேரத்தில் வாரம் ஒருமுறை அதில் 40 நிமிடம், ஒரு மணி நேரம் ஓட்டினால் கணக்கு ஈடாகும். டயர், பிரேக் தட்டு, ஏர்கான் எல்லாவற்றுக்கும் நல்லது. காப்புறுதி அவர் ஓட்ட இடம் தருகிறதா என்று மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். நெரிசலற்ற நேரத்தில் ஓட்டுவதற்கான சிவப்பு எண்பலகைக் கார் வைத்திருப்போருக்கும் இதே வழிதான்: சனி, ஞாயிறில் சந்தைக்கு இரண்டு கிலோமீட்டர் போய்வருவதை மட்டும் ஓட்டமாக எண்ணினால் இருப்பு மெல்ல மெல்லக் குறையும்.

எவ்வளவு நாள் நிற்கப்போகிறது?

ஒரு வாரம் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், டேஷ்கேமை அணைத்தால் போதும். இரண்டு, மூன்று வாரம் என்றால் கிளம்பும் முன் ஒரு நீண்ட ஓட்டம், டேஷ்கேம் அணைப்பு, உள்விளக்கு, பூட் (பின்பக்கச் சாமான் பெட்டி) விளக்கு அணைந்திருக்கிறதா என்ற பார்வை. நல்ல பேட்டரி இதைத் தாங்கும். மூன்று வயதைத் தாண்டிய பேட்டரி தாங்கும் என்று சொல்ல முடியாது. இந்தத் தட்பவெப்பத்தில் இரண்டு, மூன்று ஆண்டே பலவற்றின் ஆயுள்.

ஒரு மாதமும் அதற்கு மேலும் என்றால் இரண்டு நேர்மையான வழிகள்தான் உண்டு.

முதல் வழி மைனஸ் முனையைக் கழற்றுவது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் நிறுத்துபவர்களுக்கு நடைமுறையில் இதுவே தோது. பெரும்பாலான கார்களுக்கு 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். எஞ்சினை அணைத்து, சாவியை வெளியே எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். மைனஸை முதலில் கழற்ற வேண்டும். காரின் உடலே மைனஸோடு இணைந்திருப்பதால், பிளஸ்ஸை முதலில் திருகும்போது ஸ்பேனரின் மறுமுனை எங்காவது இரும்பில் பட்டால் பெரும் தீப்பொறி பறக்கும். கழற்றிய முனையைத் துணியில் சுற்றி, தானாகத் திரும்பித் தொடாதபடி ஒதுக்கி வையுங்கள். இப்போது மிச்சம் இருப்பது தானாக நடக்கும் மின்னிறக்கம் மட்டும்: புதிய பேட்டரியில் மாதத்துக்கு 3 முதல் 5 விழுக்காடு, நம் வெப்பத்தில் சற்றுக் கூடுதல்.

இதற்கு விலையும் உண்டு. திருட்டு எச்சரிக்கை மணி, ரிமோட் பூட்டு வேலை செய்யாது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் பூட்டப் பழகிக்கொள்ளுங்கள். கடிகாரம், ஜன்னல் தானாக ஏறி இறங்கும் அமைப்பு ஆகியவற்றை மீண்டும் பழக்க வேண்டியிருக்கும். பின்பக்கப் பூட்டில் (சாமான் பெட்டியில்) பேட்டரி இருக்கும் கார்களில் ஒரு பொறி: பூட் மின்சாரத்தால் மட்டுமே திறக்கும் என்றால், கழற்றிவிட்டு மூடிய பிறகு பேட்டரியை எட்டவே முடியாது. கையேட்டைப் பார்க்காமல் மூடாதீர்கள்.

இரண்டாம் வழி பராமரிப்பு மின்னேற்றி. நிறைந்ததும் தானே 13.2 முதல் 13.6 வோல்ட்டுக்கு இறங்கி, வேண்டிய அளவு மட்டும் ஊட்டும் கருவி இது. காருக்குப் பக்கத்தில் மூன்று முள் செருகுத்துளை உள்ள தரைவீட்டில் இதைவிடச் சுலபமான தீர்வு கிடையாது. மாதக்கணக்கில் விட்டு வைக்கலாம். பட்டறைகளில் காணும் பழைய வகை, நிறைந்த பிறகும் ஏற்றிக்கொண்டே இருந்து நீரைக் கொதிக்கவைத்துவிடும். அதை மறந்து விடக்கூடிய இடத்தில் வைக்காதீர்கள். பேட்டரி ஏஜிஎம் என்றால் கருவியிலும் அந்த அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மைனஸ் முனையில் சிறு உணர்கருவி பொருத்திய கார்களில், மின்னேற்றியின் கறுப்புக் கவ்வியை முனையில் மாட்டாமல், கையேடு காட்டும் உடலிரும்பில் மாட்டினால்தான் காரின் கணக்கில் வரவு சரியாகப் பதியும்.

அடுக்குமாடியில் இருப்பவர் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தும் ஏற்றலாம். கனமானது, நிமிர்த்தியே தூக்குங்கள். பிளாஸ்டிக் தட்டில் வைத்து, துணி காயப்போடும் பின்கட்டில் ஜன்னலைத் திறந்து வைத்து ஏற்றுங்கள். மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரலாம். பூசை விளக்குக்கும் சமையல் அடுப்புக்கும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். பாதி காலியான 45 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 4 ஆம்பியர் மின்னேற்றி ஓர் இரவு எடுக்கும்.

நீட்டிப்புக் கம்பியை நடைபாதை வழியே கார் நிறுத்துமிடம்வரை இழுப்பதும், பலமாடிக் கட்டடத்துக்குள் சூரியத்தகடு வைப்பதும் யோசனைகளே அல்ல. வெட்டவெளியில் நிற்கும் காருக்குச் சூரியத்தகடு உதவும், ஆனால் அதைப் பேட்டரியோடு நேரடியாக இணைக்க வேண்டும். பல கார்களில் சிகரெட் லைட்டர் துளை சாவி அணைந்ததும் துண்டிக்கப்படுகிறது.

மின்சாரக் காருக்கு இந்தக் கவலை இல்லையா?

உண்டு. காரை ஓட்டும் பெரிய பேட்டரி 90 விழுக்காடு நிறைந்திருந்தாலும் கார் திறக்காமல் போகலாம். நிறுத்தியதும் பெரிய பேட்டரியைக் காரிலிருந்து துண்டித்து வைப்பார்கள்; அதை மீண்டும் இணைக்கும் சுவிட்ச், கதவுப்பூட்டு, கணினி எல்லாம் ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரியில்தான் ஓடுகின்றன. பல மாடல்கள் அவ்வப்போது பெரியதிலிருந்து சிறியதை நிரப்பிக்கொள்கின்றன, எல்லாம் அல்ல. உங்களுடையது எந்த வகை என்று கையேடு சொல்லும். சென்னையில் இருந்துகொண்டு கார் எப்படி இருக்கிறது என்று ஒரு நாளைக்குப் பத்து முறை செயலியைத் திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கார் விழித்தெழுந்து பதில் சொல்கிறது, அதற்கும் மின்சாரம் வேண்டும். ஹைபிரிட் காரில் எஞ்சின் ஓட வேண்டும் என்றில்லை; 'ரெடி' விளக்கு எரிந்தாலே 12 வோல்ட் பேட்டரிக்கு மின்னேறும்.

இறங்கியே போய்விட்டால்

ஜம்ப் ஸ்டார்ட் என்பது வேறு பேட்டரியின் உதவியால் எஞ்சினை எழுப்புவது. வரிசை முக்கியம். சிவப்புக் கம்பி: முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ், பிறகு உதவும் பேட்டரியின் பிளஸ். கறுப்புக் கம்பி: உதவும் பேட்டரியின் மைனஸ், கடைசி முனை இறங்கிய காரின் எஞ்சினில் வண்ணம் பூசாத இரும்பு, பேட்டரிக்குத் தள்ளி. கடைசி இணைப்பில்தான் பொறி வரும். அது ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் வரக்கூடாது. கழற்றுவது இதற்கு நேர் எதிர் வரிசை. ஹைபிரிட், மின்சாரக் கார்களை உதவும் காராகப் பயன்படுத்தக் கூடாது என்று பல கையேடுகள் தடுக்கின்றன.

கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கினால் அதை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள், உள்ளே இருப்பது லித்தியம். அதை வீட்டில் வையுங்கள். கீழ்த்தள நிறுத்துமிடத்தில் உயரக் கட்டுப்பாட்டால் இழுவை வண்டி உள்ளே வர முடியாமல் போகலாம், மின்சாரக் கைபிரேக் இறுகிய காரைத் தள்ளவும் முடியாது; அங்கே நிறுத்துபவர்களுக்கு இந்தச் சிறு கருவி மிகவும் பயன்படும்.

எஞ்சின் எழுந்ததும் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். முழுக்கக் காலியான பேட்டரியை நிரப்ப ஆல்டர்னேட்டர் வடிவமைக்கப்படவில்லை. ஒரு மணி நேரம் ஓட்டினாலும் அரைகுறையாகவே ஏறும். அன்றிரவே மின்னேற்றியில் போடுங்கள், அல்லது பட்டறையில் விட்டு முழுமையாக ஏற்றச் சொல்லுங்கள். முழுதாக ஏறிய பேட்டரியை ஓர் இரவு தனியே வைத்து மறுநாள் காலை அளந்து பாருங்கள். 12.6 நின்றால் இன்னும் சில காலம் ஓடும். 12.4-க்குக் கீழே இறங்கியிருந்தால் சல்ஃபேட் தன் வேலையை முடித்துவிட்டது. புதியது வாங்குங்கள், பழையதைக் குப்பையில் போடாமல் மாற்றித் தருபவரிடமே கொடுத்துவிடுங்கள்.